ஒன்பது இல்லாத பரோட்டாக் கடை

போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். வேலையை விட்டு நின்ற பிறகும் மாதம் ஒரு தடவை போய், இரண்டு பரோட்டா தின்று, நாலு குறை சொல்லிவிட்டு வருவது என் வழக்கம். குறை சொல்லாமல் வந்துவிட்டால் அண்ணாச்சிக்கு உடம்புக்கு என்னமோ என்று பயந்து போன் போடுவார்கள். அன்றைக்குப் பார்த்தால் சப்ளையர்கள் கையில் ஆளுக்கு ஒரு டப்பா. செல்போனுக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது. சாப்பிட வந்தவர் சொல்லச் சொல்ல அதில் தட்டுகிறார்கள். பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் 'கிர்ர்' என்று சீட்டைத் துப்புகிறது. கடையில் சத்தமே இல்லை. பேங்குக்குள் உட்கார்ந்து சால்னா ஊற்றித் தின்பது போல இருந்தது எனக்கு.

"அண்ணாச்சி, நெசமாவே இந்தக் கடையில ஒரு காலத்துல ஒம்போதே கெடையாதாமே? எட்டுக்குப் பெறவு பத்துதானாமே?" என்று ஒரு சப்ளையர் கேட்டான்.

பக்கத்தில் நின்றவன், "அண்ணாச்சிதான் தடை பண்ணுனாவளாம்லே" என்றான்.

"தடை பண்ணுனதும் நான்தான், தடைய எடுத்ததும் நான்தான். வாயால சொன்னா நீங்க பாதிய முழுங்கிருவீய. எழுதியே தாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதான் எழுதுகிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதில் மூன்றாம் வகுப்பை மட்டும் ரொம்பப் பிடித்துப்போய் இரண்டு தடவை படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

கீழப்பாவூரிலிருந்து வேலைக்கு வந்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. மேஜை துடைத்தேன், தண்ணீர் வைத்தேன், இலை எடுத்தேன், சப்ளையர் ஆனேன், சூப்பர்வைசர் ஆனேன். இந்த ஒரு வரிக்குள் என் தலைமுடி நரைத்துவிட்டது. கடை, குற்றாலத்திலிருந்து செங்கோட்டை வழியாகப் புளியறைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. கேரளாவுக்குப் போகிற லாரிக்காரர்கள் வருஷம் முழுக்க வருவார்கள். சாரல் விழ ஆரம்பித்தால் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, கல்லையே கடித்துத் தின்கிற பசியோடு கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்கப் படிப்பு உதவாது. தொண்டைதான் உதவும்.

என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'தொண்டை அண்ணாச்சி' என்று கேட்டால் செக்போஸ்ட்டில் நிற்கிற போலீஸ்காரரே வழி சொல்வார். ஒரு தடவை கொல்லத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒருத்தருக்குப் பரோட்டா முறுகலாக வேண்டும், ஒருத்தருக்கு மெத்தென்று வேண்டும், ஒருத்தருக்குச் சால்னா தனியாக வேண்டும், ஒருத்தருக்குச் சால்னாவே கண்ணில் படக் கூடாது. எல்லாவற்றையும் காதால் வாங்கி, நடுக்கடையில் நின்று ஒரே மூச்சில் அடுப்படிக்குச் சொன்னேன். ஒரு சேச்சி, "இயாளு ரேடியோ ஆணோ?" என்று கேட்டுவிட்டார், இந்த ஆள் ரேடியோவா என்று. ஒரே ஒரு டீயில் மட்டும் சர்க்கரை மாறிப்போனது. அதுவும் டீ மாஸ்டர் தப்பு.

ஆர்டர் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. இப்போது டப்பா தட்டுகிறவர்களுக்கு இது தெரியாது என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் எண், பிறகு சாமான், பிறகு மேஜை. 'பரோட்டா ஆறு' என்று சொல்லக் கூடாது. 'ஆறு பரோட்டா, ஜன்னல் மேஜை' என்று சொல்ல வேண்டும். எண் காதில் விழுந்த உடனே மாஸ்டரின் கை மாவு உருண்டைகளை எடுக்க ஆரம்பித்துவிடும். எண்ணைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால் அதுவரை அவர் கை சும்மா நிற்கும். அடுத்தது முக்கியம். மாஸ்டர் அந்த எண்ணைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் 'ஆறு பரோட்டா' என்றால் அவர் 'ஆறு' என்பார். திருப்பிச் சொன்னால்தான் ஆர்டர் ஏறியது என்று அர்த்தம். திருப்பிச் சொல்லாத மாஸ்டரிடம் எத்தனை தடவை கத்தினாலும் அது காற்றுக்குச் சொன்னதுதான். இந்த முறையை எங்கள் கடையில் கொண்டுவந்தவன் நான். வேறு யாராவது தான் கொண்டுவந்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பேசுகிற பேச்சுக்கெல்லாம் ஈடாகப் பேசாமல் இருந்தவர் அவர். கல்லாவில் உட்கார்ந்தால் அசைய மாட்டார். யாரையும் வைய மாட்டார். கோபம் வந்தால் ஒரு டீ சொல்வார். டீ வந்து முன்னால் இருக்கும், தொட மாட்டார். அதில் ஆடை படிகிறவரை பார்த்துக்கொண்டே இருப்பார். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். டீயை எடுத்து அவர் குடித்துவிட்டால் தப்புச் செய்தவன் பிழைத்தான். குடிக்காமல் அவன் பக்கம் நகர்த்தி வைத்து, "குடிச்சிட்டுக் கெளம்பு" என்றால் வேலை போச்சு. ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவரவர் குடித்த கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவார்கள். அப்படி ஒரு மரியாதை.

நான் சேர்ந்த புதிதில் ஒரு சப்ளையர், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கைகழுவ எழுந்திருக்கிறார் என்று நினைத்து அவர் இலையை எடுத்துவிட்டான். அந்த மனுஷன் வேட்டியைச் சரி செய்யத்தான் எழுந்தார். இலையில் பாதிப் பரோட்டா இருந்தது. முதலாளி டீ சொன்னார். ஆறியது. நகர்த்தினார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்: "தின்னுதவன் மடக்குத வரைக்கும் அந்த இலை அவன் வீடு. அடுத்தவன் வீட்டுக்குள்ள கை வைக்கக் கூடாது." அன்றிலிருந்து நான் யாருடைய இலையையும் மடக்குவதற்கு முன்னால் தொட்டது கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இசக்கிமுத்து கதை.

இசக்கிமுத்து என் ஊர்க்காரன். முப்பது வயது தாண்டியபிறகுதான் எங்கள் கடைக்குப் பரோட்டா மாஸ்டராக வந்தான். கூட்டி வந்தவன் நான். அவன் மாவை வீசினால் அது காற்றில் விரிந்து, அந்தப் பக்கம் நிற்கிறவன் முகம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகி, சத்தமில்லாமல் கல்லில் வந்து படுக்கும். நான் பார்த்த மாஸ்டர்களில் அவனுக்கு அடுத்தவன் என்று ஒருத்தனைச் சொல்லவே ரொம்ப யோசிக்க வேண்டும். ஆள் மெதுவாகப் பேசுவான். நடையில் ஒரு நளினம் இருக்கும். வேலை முடிந்ததும் முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு, தலையைச் சீவிவிட்டுத்தான் வெளியே வருவான். இது போதாதா நம் ஆட்களுக்கு?

நம் பக்கத்தில் ஒன்பது என்பது எண் மட்டும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஆணிடம் பெண் சாயல் கண்டால், அல்லது கண்டதாகத் தானே நினைத்துக்கொண்டால், அவனை 'ஒம்போது' என்று கூப்பிடுவார்கள். இதை வசவு என்று கூடச் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தமாஷ் என்பார்கள். எங்கள் கடையில் துரை என்று ஒரு சப்ளையர். இந்தத் தமாஷுக்குத் தலைவன் அவன்தான். யாராவது ஒன்பது பரோட்டா கேட்டுவிட்டால் துரைக்குத் தீபாவளி.

"மாஸ்ட்டேர்ர்... ஒம்போதூ!" என்று இழுப்பான்.

இசக்கிமுத்து திருப்பிச் சொல்ல வேண்டும். முறை அப்படி. நான் கொண்டுவந்த முறை. தலையைக் குனிந்துகொண்டு, "ஒம்போது" என்பான்.

"கேக்கலியே மாஸ்டர், நீங்க யாருன்னு சத்தமாச் சொல்லுங்க!"

கடையே சிரிக்கும். யாரும் ஒன்பது கேட்காத நாளில் துரையே நாலும் அஞ்சுமான இரண்டு மேஜை ஆர்டரைக் கூட்டி ஒன்பதாக்கிச் சொல்வான். கணக்கில் அவ்வளவு கெட்டிக்காரன் பள்ளிக்கூடத்தில் ஏன் பெயில் ஆனான் என்று தெரியவில்லை.

இசக்கிமுத்து என்னிடம் ஒரு நாள், "அண்ணாச்சி, அவன்ட்ட சொல்லி வையுங்க" என்றான்.

"பட்டப்பேர்தானலே? என்னைத் தொண்டைங்காவ. நான் என்ன அழுதுக்கிட்டா இருக்கேன்?" என்றேன்.

அவன் மாவைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "ஒங்க பேரைச் சொன்னா நீங்க திரும்பிப் பாக்குதீய. என் பேரைச் சொன்னா கடையே திரும்பிப் பாக்குது."

மாட்டிக்கொண்டால் நான் இருமுவேன். இருமினேன்.

அதற்குப் பிறகு அவனைக் கவனித்துப் பார்த்தேன். சாப்பிடுவதில்லை. பரோட்டா மாஸ்டர் பட்டினி கிடந்து நான் அப்போதுதான் பார்த்தேன். மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டான். ஒரு நாள் உப்பே போடவில்லை. "ராத்திரி ஒறக்கம் வரல அண்ணாச்சி, வந்தாலும் துரை சத்தந்தான் கேக்குது" என்றான். சரி, இதற்கு வைத்தியம் எனக்குத் தெரியும் என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் மனசு சரியில்லாதவர்களைக் குற்றாலத்தில் அருவிக்கடியில் நிறுத்துவார்கள். தலையில் தண்ணீர் அடித்தால் தெளிந்துவிடும் என்று நம்பிக்கை. அழைத்துப் போனேன். எண்ணெய் தேய்க்கிற ஆளிடம் உட்கார வைத்து, எங்கே அழுத்த வேண்டும், எங்கே தட்ட வேண்டும் என்று நானே கூட நின்று சொன்னேன். அந்த ஆள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "அண்ணாச்சி, ஒங்களையும் உக்கார வச்சுத் தட்டட்டுமா?" என்றார். பிறகு இசக்கிமுத்துவை மெயின் அருவியில் போய் நிற்கச் சொன்னேன். நன்றாக நின்றான். மனசில் இருந்த பாரம் அப்படியே இருந்தது. மூக்கில் ஒரு பாரம் கூடச் சேர்ந்துகொண்டது. ஒரு வாரம் தும்மினான்.

அப்புறம் ஒரு மத்தியானம். கூட்டம் ஓய்ந்த நேரம். துரை எதையோ சொன்னான், இரண்டு பேர் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கும்போது இசக்கிமுத்து பரோட்டாக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தான். தவறிப் பட்டவன் உதறுவான். இவன் உதறவில்லை. கதவில் கை வைத்துக்கொண்டு யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி நின்றான். நான் பாய்ந்து கையைப் பிடித்து இழுத்தேன். அப்போது என் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை என்று பிறகு சொன்னார்கள். அது உண்மைதான்.

கைக்குக் கட்டுப் போட்ட டாக்டர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தென்காசியில் ஒரு மனநல டாக்டரிடம் போகச் சொன்னார். மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மாவுக்கு வயது குறைவு, நிதானம் அதிகம்.

"உங்க பேரு?"

"இசக்கிமுத்து டாக்டர். நம்ம கடை மாஸ்டர். நான்தான் சேத்துவிட்டேன்" என்றேன்.

"தூக்கம் எப்படி இருக்கு?"

"சுத்தமா இல்ல டாக்டர்."

"உங்களுக்கா?"

"இவனுக்கு."

"அப்ப அவர் சொல்லட்டும்."

"அவன் பேச மாட்டாம்மா. சின்னதுல இருந்தே அப்பிடித்தான்."

"நீங்க நிறுத்துனா பேசுவார்" என்று சொல்லி என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். என் வாழ்க்கையில் என்னை வெளியே அனுப்பிய முதல் ஆள் அவர்தான். மூன்றாம் வகுப்பு வாத்தியாரைச் சேர்த்தால் இரண்டாவது.

ரொம்ப நேரம் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டார். இசக்கிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சிட்ட சொல்லலாம் டாக்டர்" என்றான். அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். இவனுக்கு மனச்சோர்வு, மாத்திரை தருகிறேன், வாரா வாரம் வந்து பேச வேண்டும், தனியாக விடக் கூடாது என்றார். "கையை வச்சது சாதாரணமில்ல. மறுபடியும் அப்படித் தோணுச்சுன்னா எந்நேரமும் என்கிட்ட கூட்டிட்டு வாங்க" என்றார். "நாள் முழுக்க ஒருத்தரை வஞ்சுக்கிட்டே இருந்தா, யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆகும். இவர் எப்படிப் பிறந்தாரோ, யாரை விரும்புறாரோ, அது நோய் இல்ல. அதுக்கு மருந்தும் கிடையாது, தேவையும் இல்ல. வசவுதான் நோயாக்கியிருக்கு."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவேன். "டாக்டரம்மா, இவன் யாரையும் வையல. வஞ்சவன் அங்கன நல்லாத் தின்னுட்டு ஒறங்குதான். மாத்திரை மட்டும் இவனுக்கு எழுதுதீய. வைய்தவனுவளுக்கு ஒண்ணும் இல்லியா?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல அண்ணாச்சி. உங்க கடையில இருந்தா குடுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இசக்கிமுத்து மெதுவாகச் சொன்னான். "அண்ணாச்சி, துரை வைய்தான்னா, வையட்டும்னு விட்டுருவேன். ஆனா எனக்குப் பொம்பளைய மேல ஆசை வந்ததே இல்ல. ஆம்பளைய மேலதான். ஊருக்குப் போனா எங்க அம்மை பொண்ணு பாக்கேன்னு நிக்கா. ஒரு புள்ளையக் கெட்டிட்டு வந்து அவ வாழ்க்கையையும் கெடுக்கணுமா? கடையில வந்தா இந்தப் பேச்சு. எங்கன போயி நிக்கதுன்னு தெரியல."

நான் ரகசியமாகப் பேசினாலும் டிரைவருக்குக் கேட்கும். அதனால் செங்கோட்டை வருகிறவரை வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். ஸ்டாண்டில் இறங்கியதும் கேட்டேன்: "அதனால பரோட்டா வீச்சு கொறையுமாலே?"

"கொறையாது."

"பெறவு என்ன? வா, டீ குடிப்போம்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் டீயை முழுக்கக் குடித்தான்.

டாக்டர் எனக்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார் அல்லவா? மறுநாளே எல்லோரையும் நிறுத்திச் சட்டம் போட்டேன். இனிமேல் இந்தக் கடையில் யார் வாயிலிருந்தும் ஒன்பது வரக் கூடாது. வந்தால் பாத்திரம் கழுவப் போக வேண்டும். ஒன்பதாம் நம்பர் மேஜைக்கு 'எட்டு ஏ' என்று பெயர் வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று மாலையே குழப்பம் ஆரம்பித்தது. ஒருவன், "நாலும் அஞ்சும் பரோட்டா!" என்று சொன்னான். நாலு ஒரு மேஜைக்கும் அஞ்சு ஒரு மேஜைக்கும் போய்விட்டது. இன்னொருவன், "பத்துக்கு ஒண்ணு கொறச்சு!" என்றான். சத்தத்தில் 'பத்து, ஒண்ணு' மட்டும் காதில் விழுந்து பதினொன்று வந்தது. ஒருவர் கைகழுவிக்கொண்டே மணி கேட்டார். சப்ளையர் கடிகாரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, "எட்டு அறுபது" என்றான். மலையாளத்துக்காரர்களிடம் நானே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்ச வேண்டியதாகிவிட்டது. "சேட்டா, எட்டு தின்னுங்க. இல்லன்னா பத்து தின்னுங்க. நடுவுல வேண்டாம்." அதில் ஒருவர், "அதெந்தா, ஒம்பது எந்து செய்து?" என்று கேட்டார், ஒன்பது என்ன செய்தது என்று. கடையே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

துரைக்குப் புதுப் பெயர் கிடைத்துவிட்டது. எட்டுக்கு அடுத்தது. சுருக்கமாக 'அடுத்தது'. "அடுத்ததைக் கூப்புடுங்க... அடுத்தது எங்கன போயிட்டு?" சட்டப்படி அவன் தப்பே செய்யவில்லை. சட்டம் போட்ட எனக்கே அவனைப் பாத்திரம் கழுவ அனுப்ப வழியில்லை.

சாரல் காலம் பாதி முடிந்திருந்தது. கையும் ஓரளவு ஆறி இசக்கிமுத்து மறுபடியும் கல்லில் நின்றான். ஒரு நாள் காலையில் கடை திறக்கும் முன்னால் என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, முன்னால ஒம்போது கேட்டாத்தான் சிரிச்சாவ. இப்ப எட்டு கேட்டாலும் சிரிக்காவ, பத்து கேட்டாலும் சிரிக்காவ."

"நான் ஒனக்காவத்தானலே..."

"எண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? எண்ணைப் புடிச்சு உள்ள பூட்டிட்டீய, ஆளை வெளிய விட்டுட்டீய." பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சீசன் முடிஞ்சதும் போயிருதேன்."

"எங்கலே?"

"எங்கயாது."

வேறு கடைக்கு என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் சொன்னது 'எங்கயாது'. கல்லில் கை வைத்துக்கொண்டு நின்றானே, அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. டாக்டரம்மாவுக்கு உடனே போன் போட்டேன். அன்றைக்கே கூட்டி வரச் சொன்னார். மத்தியானக் கூட்டம் முடிந்ததும் போகலாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

அந்த மத்தியானம்தான் மரடிப்போக்காரர், அதாவது மரம் விற்கிற டிப்போ வைத்திருப்பவர், வந்தார். எங்கள் கடையின் பெரிய வாடிக்கை. சீசனில் வாராவாரம் சிநேகிதர்களோடு அருவியில் குளித்துவிட்டு வருவார். அவர் வந்தால் பெரிய மேஜை அவருக்குத்தான். முதலாளியே தலையை அசைத்து வரவேற்கிற ஒரே ஆள். பாதிச் சாப்பாட்டில் இருந்தார். அவருக்கு என் சட்டம் எப்படித் தெரியும்? தெரிந்தாலும் என்ன?

"ஏட்டி மாஸ்டர்!" என்று அடுப்பைப் பார்த்துக் கூப்பிட்டார். நம் ஊரில் பெண்பிள்ளைகளைத்தான் ஏட்டி என்போம். "இன்னும் ஒரு ஒம்போது போடுட்டி. ஒன் கையால போட்டாத்தான் கணக்குச் சரியா வரும்!"

மேஜை முழுவதும் சிரித்தது. துரை சிரித்தான். இசக்கிமுத்து கையிலிருந்த உருண்டையை மெதுவாகத் தட்டில் வைத்தான். கல்லைப் பார்த்தான். நான் அவன் கண்ணைப் பார்த்தேன்.

என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. கால்தான் முதலில் போனது. பெரிய மேஜைக்குப் போய், பரோட்டாவும் கோழியும் பாதி இருந்த மரடிப்போக்காரரின் இலையை இரண்டு கையாலும் எடுத்து மடக்கினேன். அவர் கை காற்றில் பரோட்டாவைத் தேடியது.

"ஏய், என்னவே இது? நான் இன்னும் தின்னு முடிக்கலவே!"

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றேன். அப்போது என் தொண்டை திரும்பி வந்துவிட்டது. "இந்தக் கடையில மாஸ்டருக்குப் பேரு இருக்கு! இசக்கிமுத்து! ஏட்டியும் இல்ல, ஒம்போதும் இல்ல, அடுத்ததும் இல்ல! பேரைச் சொல்லிக் கேட்டா இலை வரும்! ஏலே துரை, ஒனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்!"

வெளியே லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு தூரம் கேட்டிருக்கிறது.

மரடிப்போக்காரர் சிவந்துபோய்க் கல்லாவைப் பார்த்தார். "என்னவே மொதலாளி? ஒம்ம ஆளு என் இலையில கை வைக்காரு. நீரு பாத்துக்கிட்டு இருக்கீரு?"

முதலாளி டீ சொன்னார்.

டீ வந்தது. முதலாளி தொடவில்லை. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷ வேலை அந்த டீயில் ஆறிக்கொண்டிருந்தது. ஆடை படிந்தது. மரடிப்போக்காரர் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். அவருக்கும் எங்கள் முதலாளியின் டீ தெரியும்.

முதலாளி எழுந்தார். கல்லாவை விட்டு அவர் எழுந்து வந்து நான் பார்த்ததில்லை. டீயைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். நான் கையை நீட்டினேன், வாங்கிக் குடித்துவிடலாம் என்று. அவர் என்னைத் தாண்டிப் போய், இலை இருந்த இடத்தில், மரடிப்போக்காரருக்கு முன்னால் டீயை வைத்தார்.

"குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார்.

வாடிக்கையாளரை வேலையை விட்டு நிறுத்திய முதலாளியை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? மரடிப்போக்காரர் என்ன நினைத்தாரோ, பழக்கதோஷமோ, அந்த டீயைக் குடித்துவிட்டே போனார்.

முதலாளி திரும்பக் கல்லாவுக்குப் போகும்போது என் பக்கம் நின்றார். "இலையைத் தொட்டது தப்பு" என்றார். பிறகு, "துண்டைத் தோள்ல போடும்" என்றார்.

அன்றைக்கே இசக்கிமுத்துவும் நானும் டாக்டரம்மாவிடம் போனோம். இந்தத் தடவை நானாகவே வெளியே உட்கார்ந்துகொண்டேன். துரை திருந்திவிட்டான் என்று சொல்ல மாட்டேன். பயந்துவிட்டான். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒன்பதுக்குப் போட்ட தடையையும் எடுத்துவிட்டேன். ஆனால் யாரும் அதைச் சொல்லத் துணியவில்லை. எட்டு ஏ மேஜை எட்டு ஏ-வாகவே கிடந்தது. இசக்கிமுத்து சீசன் முடிந்து போகவில்லை. சில நாள் சிரிப்பான், சில நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மாத்திரை சாப்பிட்டான், பேசப் போனான். ஒரே நாளில் தெளிய அது ஒன்றும் ஜலதோஷம் இல்லை.

பல வாரம் கழித்து, கூட்டமான ஒரு சாயங்காலம், மரடிப்போக்காரரின் டிரைவர் பார்சலுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. மரடிப்போக்காரர் என்ன சொல்லி அனுப்பினாரோ, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார் போல. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்:

"மதிப்பிற்குரிய மாஸ்டர் இசக்கிமுத்து அவர்கள் கையால பார்சல் பரோட்டா... ஒ... எட்டும் ஒண்ணும்."

எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். இசக்கிமுத்துவின் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று ஒரு எட்டு வைத்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்து அப்படி வாய்விட்டு அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. உருண்டைகளை எடுத்தான், வீசினான், போட்டான், தட்டி அடுக்கினான். பிறகு முறைப்படி, என்னிடம் கற்றுக்கொண்டதோ என்று நினைக்கிற அளவுக்கு ஒரு தொண்டையில், செக்போஸ்ட் வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டான்:

"ஒம்போது பரோட்டா ரெடி! வந்து எடுத்துட்டுப் போங்கலே, ஆறுது!"